எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் கதை

பழைய மாமல்லபுரம் சாலையில், நாவலூரில் வசிக்கும் என் மாணவர் ஒருவர், உறுப்புகளை வாங்கித் தாமே ஒரு கணிப்பொறியைப் பொருத்திக் கொள்ள விரும்பினார். சென்னை ரிச்சி தெருவுக்கு மூன்று முறை சென்று வந்தார். செயலியையும் நினைவகத்தையும் பல நாள் ஆராய்ந்து தேர்ந்தெடுத்தார். கடைசியில் கையிருப்பு கரைந்துவிட்டது. மின்சாரம் வழங்கும் பெட்டியை மட்டும் விலையைப் பார்த்தே வாங்கினார். அதன் மேல் '450 வாட்' என்று அச்சிட்டிருந்தது. அது போதாதா என்று அவர் எண்ணினார்.

போதவில்லை. ஆய்வகத்தில் மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் இயங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய கணிப்பொறி மட்டும் அணைந்து மீண்டும் தொடங்கியது. அதே இன்வெர்ட்டரில் இணைந்திருந்த மற்றவை அசையாமல் ஓடின. மூன்று மணி நேரம் எடுத்த ஊசல் அளவீடுகள் ஒருநாள் அப்படியே அழிந்து போயின. தவறு எங்கே? அதை அறிய இப்பெட்டியின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

நம் வீட்டுச் சுவரில் கிடைப்பது 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். அது நொடிக்கு 50 முறை அலைகிறது. கணிப்பொறிக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் அளவிலான, சிறிதும் ஆடாத நேர்திசை மின்னோட்டம். பழைய முறையில் இதற்கு இரும்பு உள்ளகம் கொண்ட மின்மாற்றி ஒன்றை வைத்து மின்னழுத்தத்தைக் குறைப்பார்கள். பின்பு அதைத் திருத்தி நேர்மின்னாக்கி, மிகுதியாக உள்ள அழுத்தத்தை ஒரு டிரான்சிஸ்டரில் வெப்பமாக வீணடிப்பார்கள். உள்ளே செல்லும் ஆற்றலில் பாதி வரை இப்படிச் சூடாகவே போய்விடும். எடையும் அதிகம்.

எடை ஏன் அதிகம்? மின்மாற்றியில் தூண்டப்படும் அழுத்தம், காந்தப்புலம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது என்று ஃபாரடே கண்டார். 50 ஹெர்ட்ஸ் என்பது மிக மெதுவான மாற்றம். ஆகவே அதிக இரும்பு தேவைப்படுகிறது. அதிர்வெண்ணை ஆயிரம் மடங்கு உயர்த்தினால், கைக்குள் அடங்கும் ஒரு சிறு உள்ளகமே போதும். அப்படியானால் மின்னோட்டத்தை நாமே வேகமாக வெட்டி வெட்டி அனுப்பினால் என்ன? இந்த எண்ணத்திலிருந்துதான் 'ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை' பிறந்தது. கடைக்காரர்கள் சொல்லும் எஸ்.எம்.பி.எஸ். அதன் சுருக்கமே.

ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்க்க வேண்டிய விண்வெளித் துறையில் இம்முறை முதலில் இடம் பெற்றது. 1962இல் ஏவப்பட்ட டெல்ஸ்டார் செயற்கைக்கோளில் இது பயன்பட்டது. ஆனால் உயர் அழுத்தத்தைத் தாங்கி வேகமாக இயங்கும் டிரான்சிஸ்டர்கள் மலிவாகக் கிடைக்காத வரை அது வீட்டுக்குள் வர இயலவில்லை. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 கணிப்பொறி நிறுவப்பட்ட காலத்தில், கணிப்பொறி என்றாலே பெரிய அறையை அடைத்துக் கொள்ளும் இயந்திரம் என்றே பொருள். நான்கே ஆண்டுகளில், 1977இல், மேசை மேல் வைக்கக்கூடிய ஆப்பிள் 2 வெளிவந்தது. அதற்காக ராட் ஹோல்ட் என்பவர் வடிவமைத்த பெட்டி 38 வாட் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். ஆகும்.

அதன் வேலை எளிது. சுவரிலிருந்து வரும் மின்னை முதலில் திருத்தி, ஏறக்குறைய 325 வோல்ட் நேர்மின்னாக ஒரு பெரிய மின்தேக்கியில் சேமிக்கிறது. அதை டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிச் சிறு மின்மாற்றிக்கு அனுப்புகிறது. வெளிவருவதை மீண்டும் திருத்துகிறது. வெளியழுத்தம் தாழ்ந்தால் டிரான்சிஸ்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டுகிறது, உயர்ந்தால் குறைக்கிறது. குழாயை அரைகுறையாகத் திறந்து வைக்காமல், முழுதாகத் திறந்தும் மூடியும் நீரின் அளவைச் சரி செய்வது போன்றது இது.

இனி வாட் கணக்குக்கு வருவோம். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் பெட்டி 63.5 வாட் வழங்கியது. அதில் 35 வாட் 5 வோல்ட் கம்பியில் சென்றது. 24 வாட்தான் 12 வோல்ட்டில். சில்லுகள் பெரும்பாலும் 5 வோல்ட்டில் இயங்கின. 12 வோல்ட் பெரும்பாலும் வட்டு இயக்கிகளின் மோட்டாருக்கே பயன்பட்டது. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். வடிவத்தில் 3.3 வோல்ட்டும் சேர்ந்தது.

பிறகு நிலைமை தலைகீழாயிற்று. செயலியின் அழுத்தம் ஒரு வோல்ட் அளவுக்கு இறங்கியது. மின்னோட்டமோ நூறு ஆம்பியர் வரை ஏறியது. இவ்வளவு மின்னோட்டத்தைப் பெட்டியிலிருந்து கம்பி வழியே கொண்டு சென்றால் கம்பியே சூடேறும்; இழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும் அல்லவா? ஆகவே 12 வோல்ட்டில் கொண்டு சென்று, செயலியின் அருகிலேயே குறைத்துக் கொள்வது வழக்கமாயிற்று. 2000ஆம் ஆண்டில், பென்டியம் 4 வந்தபோது, இதற்கென நான்கு முனை கொண்ட தனி இணைப்பு ஏற்பட்டது. கிராபிக்ஸ் அட்டையும் இன்று 12 வோல்ட்டையே நம்பியிருக்கிறது.

என் மாணவரின் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தோம். 12 வோல்ட்டுக்கு நேராக 17 ஆம்பியர் என்றிருந்தது. அதாவது 204 வாட். மீதி வாட்டெல்லாம் 5, 3.3 வோல்ட் கம்பிகளின் பெயரில் இருந்தன. அவருடைய செயலி 90 வாட், கிராபிக்ஸ் அட்டை 170 வாட் வரை இழுக்கக் கூடியவை. மொத்தம் 260 வாட், ஏறக்குறைய 22 ஆம்பியர். பெரிய எழுத்தில் இருந்த 450 பொய்யில்லாமல் இருக்கலாம். ஆனால் அது பழைய காலத்துக் கணிப்பொறிக்குப் பொருந்தும் 450.

அடுத்து, மின்சாரம் நிற்கும் நேரம். தமிழ்நாட்டில் 2008க்குப் பின் சில ஆண்டுகள் நீடித்த கடும் மின்வெட்டு, பல வீடுகளில் இன்வெர்ட்டரைக் குடியேற்றியது. சுவர் மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் ஏற்கும் வரை சில மில்லி நொடிகள் இடைவெளி உண்டு. அப்போது கணிப்பொறியைத் தாங்குவது அந்தப் பெரிய மின்தேக்கியில் சேர்ந்துள்ள ஆற்றலே. 330 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 325 வோல்ட்டிலிருந்து 225 வோல்ட்டுக்கு இறங்கும்போது ஏறக்குறைய 9 ஜூல் தரும். 450 வாட் சுமைக்கு அது 20 மில்லி நொடி. அதாவது நம் மின்சாரத்தின் ஒரு முழு அலை. மின்தேக்கியைப் பாதியாக்கிக் காசை மிச்சம் பிடித்தால் தாங்கும் நேரமும் பாதியாகும். மாணவரின் அளவீடுகள் அழிந்தது இந்தப் பாதியில்தான். சிறந்த தயாரிப்புகள் இந்தத் தாங்கும் நேரத்தைத் தம் விவரக் குறிப்பில் சொல்லும்; 16, 17 மில்லி நொடிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஆனால் மின்தேக்கியைப் பார்ப்பதற்காகப் பெட்டியைத் திறந்து விடாதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதில் உயிருக்கு ஆபத்தான அழுத்தம் தங்கியிருக்கும்.

மூன்றாவது, திறன். 2004இல் தொடங்கிய '80 பிளஸ்' திட்டம், முழுச் சுமையின் 20, 50, 100 விழுக்காடுகளில் பெட்டியைச் சோதித்து, ஒவ்வொன்றிலும் 80 விழுக்காட்டுக்குக் குறையாத திறனைக் கேட்டது. 300 வாட் வழங்க, 70 விழுக்காடு திறனுள்ள பெட்டி 428 வாட் இழுக்கும். 90 விழுக்காடு உள்ளது 333 வாட்தான் இழுக்கும். வேறுபாடு 95 வாட். அதே சுமையில் நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத மின்கட்டணத்தில் 28 யூனிட்டுக்கு மேல் கூடும். அவ்வளவும் வெப்பமாகி, ஏற்கெனவே புழுங்கும் கடற்கரை ஊரின் அறையை இன்னும் சுடச் செய்யும்.

அப்படியானால் 1000 வாட் பெட்டி வாங்கிவிடலாமா? தேவையில்லை. மிகக் குறைந்த சுமையில் திறன் குறையும். பெரும்பாலான பெட்டிகள் பாதிச் சுமையையொட்டியே சிறப்பாக இயங்குகின்றன. நம் மாணவரின் கணிப்பொறிக்கு மற்ற உறுப்புகளையும் சேர்த்து உச்சத் தேவை 310 வாட். 12 வோல்ட்டிலேயே பெரும்பகுதியைத் தரும், 80 பிளஸ் சான்று பெற்ற 500 வாட் பெட்டி அவருக்குப் போதுமானது. அவர் அதையே வாங்கினார். அதன் பிறகு மின்சாரம் பலமுறை நின்றது. ஊசல் அளவீடுகள் நிற்கவில்லை.

38 வாட்டில் தொடங்கிய இப்பெட்டி ஒவ்வொரு காலத்திலும் அந்தக் காலத்துச் சில்லுகளின் பசிக்கேற்ப மாறி வந்திருக்கிறது. எனவே கடையில் பெரிய எண்ணை மட்டும் பார்க்காமல், ஓரத்தில் உள்ள சிறிய எழுத்தையும் படியுங்கள். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கத் தெரிந்த எந்த மாணவரும் ஏமாற வேண்டியதில்லை.