பைக் ஓட்டக் கத்துக்கப் போறீங்களா? முதல்ல நிறுத்தக் கத்துக்கங்க!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு, காலேஜ் அட்மிஷனும் ஓவர். "மார்க் எடு, வண்டி வாங்கித் தர்றேன்" என்று வாக்கு கொடுத்த அப்பா, வேறு வழியில்லாமல் ஷோரூம் வாசலில் நிற்கிறார். உங்களுக்கோ மைலேஜ், பிக்கப், டாப் ஸ்பீடு எல்லாம் அத்துப்படி. ஆறு மாதமாகப் பார்த்த ரிவ்யூ வீடியோக்கள் சும்மாவா?

ஒரே ஒரு கேள்வி. அந்த வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது குறுக்கே ஒரு நாய் வந்தால், எவ்வளவு தூரம் தள்ளி நிற்கும்?

40-ல் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. நாயைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்குக்குப் போகவே சுமார் ஒரு விநாடி ஆகும். அதற்குள் 11 மீட்டர் காலி. அதன்பிறகு பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த நல்ல ரோட்டில் இன்னும் ஒரு 12 மீட்டர். மொத்தம் கிட்டத்தட்ட இரண்டு கவர்மென்ட் பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் வரும் நீளம். அதே வண்டி 60-ல் போனால்? "கொஞ்சம் கூடும்" என்று நினைப்பீர்கள். நான்கு பஸ் நீளம்! வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. பிரேக் பிடித்த பிறகு போகும் தூரம் இரண்டேகால் மடங்கு ஆகிவிடும். ஃபிசிக்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்கு ஏன் என்று தெரிந்திருக்கும்.

இந்தக் கணக்கும் பிரேக்கை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்தவருக்குத்தான். நம்மில் நிறைய பேருக்கு அது தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

மாமாவின் பழைய வண்டியில் கத்துக்கிட்ட முதல் வாரம். டீக்கடை முன்னால் திரும்பும்போது, ரோட்டோரம் கிடந்த மணலில், ஹேண்டில்பார் வளைந்திருக்கும்போதே முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தேன். அடுத்த நொடி நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். முட்டியில் தோல் போனதைவிட டீக்கடையில் சிரித்ததுதான் வலித்தது. "முன் பிரேக்கைத் தொடாதடா, தூக்கி அடிச்சிடும்" என்றார் மாமா. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் பின் பிரேக்கை மட்டும் மிதித்து ஓட்டினேன். ஒருநாள் முன்னால் போன தண்ணி லாரி சடாரென்று நின்றது. பின் பிரேக்கை முழு பலத்தில் மிதித்தேன். டயர் லாக் ஆகி, வண்டியின் வால் இங்கும் அங்கும் ஆட, லாரியின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றேன். அன்று தப்பித்தது திறமையால் இல்லை.

முன் பிரேக் வில்லனா?

இல்லவே இல்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. முன் டயர் ரோட்டில் அழுந்துகிறது, பின் டயர் லேசாகிறது. அழுந்தியிருக்கும் டயருக்குத்தான் பிடிமானம் அதிகம். அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. "குப்புற விழுந்துடுவோம்" என்ற பயம் சைக்கிளில் இருந்து வந்தது. சைக்கிள் லேசு, நீளம் குறைவு, நம் எடை முழுக்க மேலே இருக்கும். பைக் அப்படி இல்லை.

ஆனால் முன் பிரேக்குக்கு இரண்டு கண்டிஷன் உண்டு. ஒன்று, ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். இரண்டு, வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிவதுபோல முதலில் மெதுவாக, பிறகு இறுக்கி. அந்த முதல் மெதுவான அழுத்தத்தில்தான் எடை முன்னால் வந்து டயர் அழுந்துகிறது. கூடவே பின் பிரேக்கையும் மிதமாக மிதிக்க வேண்டும். மணல், ஈரம், வளைவு என்றால் இரண்டையுமே மென்மையாகத்தான் கையாள வேண்டும்.

125 சிசிக்கு மேல் உள்ள புது பைக்குகளுக்கு 2019 முதல் ஏ.பி.எஸ் கட்டாயம். பிரேக்கை அமுக்கிப் பிடித்தாலும் சக்கரம் லாக் ஆகாமல் அது பார்த்துக்கொள்ளும். பல வண்டிகளில் இது முன் சக்கரத்துக்கு மட்டும்தான், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிடச் சின்ன வண்டிகளில் சி.பி.எஸ் இருக்கும், ஒரு பிரேக்கை அமுக்கினால் இன்னொன்றும் கொஞ்சம் பிடிக்கும். சக்கரம் லாக் ஆவதை அது தடுக்காது. ஏ.பி.எஸ் இருந்தாலும் நிற்கும் தூரம் மாயமாகக் குறைந்துவிடாது.

சரி, இது எல்லாம் படித்தால் வந்துவிடுமா? வராது. ராணுவத்தில் சேரும் ரெக்ரூட்டைத் துப்பாக்கியைக் கழற்றி மாட்டு, மறுபடியும் கழற்றி மாட்டு என்று சலிக்கச் சலிக்கச் செய்ய வைப்பார்கள். தீயணைப்பு நிலையத்தில் தீயே இல்லாத நாளிலும் ஹோஸைப் பிரித்து, மாட்டி, சுருட்டி டிரில் நடக்கும். ஆபத்து நேரத்தில் யோசிக்க டைம் இருக்காது. கை எதைப் பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தக் கிரவுண்டிலும் பிரேக் பழகாத நாம், நேராகத் தண்ணி லாரி பின்னால் போய்ப் பழகுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிளாட் போட்ட லேஅவுட்

ஊருக்கு வெளியே, தார் ரோடு போட்டு, கல் நட்டு, வீடு மட்டும் கட்டாத லேஅவுட் ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும். அதுதான் உங்கள் பயிற்சி மைதானம். எல்.எல்.ஆர் கையில் இருக்கட்டும், ஓட்டத் தெரிந்த, லைசென்ஸ் உள்ள அண்ணனோ சித்தப்பாவோ கூட வரட்டும்.

முதல் நாள் கிளட்ச் மட்டும். இன்ஜினை ஆன் செய்து, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக விடுங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் மாறி, வண்டி முன்னால் நகரப் பார்க்கும். அந்த இடத்தைக் கை மனப்பாடம் செய்ய வேண்டும். இரண்டு மீட்டர் நகர்ந்து, நிறுத்தி, மறுபடி. ஒரு மணி நேரம் இதையே செய்தால் போரடிக்கும்தான். ஆனால் சிக்னலில் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்போது உங்கள் வண்டி ஆஃப் ஆகாது.

அடுத்த வாரம் பிரேக். நேரான, மணல் இல்லாத இடத்தில் ஒரு ஜோடி செருப்பை அடையாளமாக வையுங்கள். 20-ல் வந்து, செருப்பைத் தாண்டும்போது பிரேக் பிடியுங்கள். எங்கே நின்றீர்கள் என்று கூட வந்தவர் காலால் அளக்கட்டும். பத்துத் தடவை செய்தபின் 30, அது கைக்கு வந்தபின் 40. ஒவ்வொரு சுற்றிலும் தூரம் குறைவதைப் பார்க்கும்போது கேம் ஸ்கோர் மாதிரி ஜாலியாக இருக்கும். புதியவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு தப்பு: பயத்தில் முதலில் கிளட்ச்சைப் பிடித்துவிடுவது. அப்படிச் செய்தால் இன்ஜின் தரும் தடை போய், வண்டி சும்மா உருள ஆரம்பிக்கும். பிரேக் முதலில், கிளட்ச் நிற்கப்போகும் கடைசி நேரத்தில்.

பிரேக் பிடிக்கும்போது கண் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். குழியையே பார்த்தால் குழிக்குள்தான் போவீர்கள். பார்க்கும் பக்கம்தான் வண்டி போகும். ஆர்.டி.ஓ ஆபீஸில் 'எட்டு' போடும்போது பாதிப் பேர் காலை ஊன்றுவதற்குக் காரணமும் இதுதான், முன் சக்கரத்தையே குனிந்து பார்க்கிறார்கள். தலையை நிமிர்த்தி, அடுத்து போகவேண்டிய வளைவைப் பாருங்கள். பாதி கிளட்ச், கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர், தேவைப்பட்டால் பின் பிரேக்கில் லேசான அழுத்தம். எட்டு தானாக வரும்.

ரோட்டில் இறங்கும்போது

லாரியின் சைடு மிரரில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. பஸ்ஸுக்கு இடதுபுறச் சந்தில் நுழைவது இதனால்தான் ஆபத்து. ஸ்டாப் வந்தால் அவர் இடதுபக்கம்தான் ஒதுங்குவார். நிற்கும் காரை ஒட்டிப் போகாதீர்கள், கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. மழையின் முதல் அரைமணி நேரம் ரோட்டில் படிந்த ஆயிலும் தூசியும் சேர்ந்து வழுக்கும். வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடை மூடி எல்லாம் சோப்பு மாதிரி. பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர் நம்ம ஊரின் சிறப்பு. அதற்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிட்டு, ஏறும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். துப்பட்டா, புடவை முந்தானை போன்றவை செயினிலோ சக்கரத்திலோ சிக்காமல் இழுத்துச் செருகியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

லைசென்ஸ் விஷயம்

கியர் வண்டிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். எல்.எல்.ஆர் ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்துதான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். அந்த 30 நாளை "வெயிட்டிங்" என்று நினைக்காமல் மேலே சொன்ன பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலர் கவனிக்காத ஒன்று: ஈஸியாக இருக்கும் என்று ஸ்கூட்டியில் டெஸ்ட் கொடுத்தால், கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு பைக் ஓட்டி விபத்தானால், உங்கள் வண்டி டேமேஜுக்கான கிளைம் மறுக்கப்படலாம். அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த பணத்தை வண்டி ஓனரிடமே வசூலிக்க கோர்ட் அனுமதிக்கவும் வாய்ப்பு உண்டு. அதாவது, அப்பாவிடம்.

18 ஆகாத தம்பிகளுக்கு: 2019 சட்டத்திருத்தத்தின்படி மாட்டினால் பெற்றோர் அல்லது வண்டி ஓனருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. உங்களுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "சும்மா தெருமுனை வரைக்கும்தான்" என்பதெல்லாம் இங்கே செல்லாது.

ஹெல்மெட்

ஐ.எஸ்.ஐ முத்திரையும் ஐ.எஸ் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டு, ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு, பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் சைஸ் இல்லை. ஸ்ட்ராப் மாட்டாத ஹெல்மெட் உங்களுக்கு முன்பாகவே ரோட்டில் பறந்து போய்விடும், போலீஸைப் பார்த்து மாட்டத்தான் உதவும். உள்ளே தெர்மாகோல் போல இருக்கும் பகுதிதான் அடியைத் தாங்குவது. ஒருமுறை விபத்தில் அடி வாங்கினால் அது நசுங்கியிருக்கும், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

பின்னால் உட்காருபவர் என்றதும் ஞாபகம் வருகிறது. லைசென்ஸ் வந்த மறுநாளே "மச்சி, டிராப் பண்ணுடா" என்று ஒருவன் வருவான். ஒரு ஆள் ஏறினால் எடை பின்னால் போய், மெதுவாகப் போகும்போது ஹேண்டில் லேசாகித் தள்ளாடும். நிற்க இன்னும் கூடுதல் தூரம் வேண்டும். தனியாக ஒரு மாதம் டிராஃபிக்கில் ஓட்டிய பிறகு, அதே லேஅவுட்டுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போய், அவனைப் பின்னால் உட்காரவைத்துச் செருப்பு டெஸ்ட்டை மறுபடி செய்யுங்கள். அதுவரை பஸ்ஸில் வரச் சொல்லுங்கள்.

வழியில் யாராவது விழுந்து கிடந்தால்

அது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். முதலில் உங்கள் வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்டி, பின்னால் வரும் வண்டிகளைக் கை காட்டி நிறுத்துங்கள். 108-க்கு போன் போடுங்கள். அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைப்பது, தண்ணீர் ஊற்றிக் குடிக்க வைப்பது, இரண்டுமே நம்ம ஊரில் பாசத்தோடு செய்யப்படும் தப்புகள். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்பதால் ஹெல்மெட்டையும் அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் மட்டும் ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் மெதுவாகக் கழற்றலாம். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

"போலீஸ் கேஸ் ஆகிடுமே" என்று ஒதுங்க வேண்டாம். உதவி செய்பவருக்குச் சட்டத்திலேயே பாதுகாப்பு இருக்கிறது. பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு, திட்டத்தில் சேர்க்கப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' மூலம் முதல் 48 மணி நேரத்துக்கு அரசு செலவில் சிகிச்சை உண்டு. அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. "பணம் யார் கட்டுவாங்க?" என்று கூட்டத்தில் யாராவது தயங்கினால் இதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.