504 00: ஒரு லிட்டர் ஆயிலின் வரலாறு

ஃபோக்ஸ்வேகன் காரில் ஊற்றுகிற 5டபிள்யூ-30 ஆயிலில் ஒரு லிட்டரை எடுத்துக்கொள்வோம். அதன் பூர்வீகம் தென்கொரியாவின் உல்சானாக இருக்கலாம். அங்கே கச்சா எண்ணெயின் கனமான பகுதியை ஹைட்ரஜனோடு சேர்த்து, கடும் அழுத்தத்தில் சூடாக்கி, கந்தகத்தைக் கழித்து எடுக்கிறார்கள். கத்தாரின் ராஸ் லஃபானாகவும் இருக்கலாம். அங்கே மூலப்பொருள் இயற்கை எரிவாயு. இரண்டு இடத்திலும் கடைசியில் கிடைப்பது நிறமே இல்லாத தெளிந்த எண்ணெய். குரூப் 3 பேஸ் ஆயில் என்பார்கள். இதை மட்டும் ஊற்றி வண்டியை ஓட்டினால் எஞ்சின் அதிக நாள் தாங்காது.

அதனால் அடுத்து அது போய்ச் சேரும் இடம் கலவை ஆலை. அங்கே அடிட்டிவ்கள் சேர்கின்றன. துத்தநாகமும் பாஸ்பரஸும் கொண்ட ஒரு சேர்மம், இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் சூடுபட்டுச் சிதைந்து மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுக்கும். கால்சியம், மெக்னீசியம் டிடர்ஜென்ட்கள் பிஸ்டனைச் சுத்தமாக வைத்து அமிலத்தை முறிக்கும். டிஸ்பெர்சன்ட் கரித்துகளை ஒன்றுசேர விடாமல் மிதக்க வைக்கும்.

நல்லதுதானே, நிறையவே போட்டுவிடலாமே என்றால் முடியாது. பாஸ்பரஸ் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். உலோக டிடர்ஜென்ட் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். டீசல் கார்களின் டி.பி.எஃப். எனும் வடிகட்டியில் சேரும் கரியை எரித்துவிடலாம். சாம்பல் எரியாது, வடிகட்டியை அடைத்துக்கொண்டே போகும். டர்போ பெட்ரோல் எஞ்சினில் கால்சியம் கூடினால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். ஆக எதை எவ்வளவு போடலாம் என்பது எந்த எஞ்சின் என்பதைப் பொறுத்தது. கார் கம்பெனிகள் தங்களுக்கென்று தனித்தனி எண்களை எழுதிவைக்கத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான்.

ஃபோக்ஸ்வேகனின் எண்களைப் பார்த்தாலே அந்த எஞ்சின்களின் கதை தெரியும். 1990களின் கடைசியில் வந்த ‘பம்ப் டியூஸ்’ டீசலில் கேம் ஷாஃப்டே இன்ஜெக்டரை அழுத்தும். பிற்கால எஞ்சின்களில் டீசல் அழுத்தம் 2000 பார் அளவுக்கு ஏறியது. அந்தப் பளு முழுக்கக் கேம் முனையில் விழுந்ததால், பொருந்தாத ஆயில் போட்ட வண்டிகளில் கேம் தேய்ந்தது. அதற்காக வந்தது 505 01. நம் ஊரில் ஓடிய ஸ்கோடா லாரா 1.9 டீசலும் பம்ப் டியூஸ் இனம்தான். பிறகு டி.பி.எஃப். வந்ததும் சாம்பல் குறைந்த ஆயில் தேவைப்பட்டது; பெட்ரோலுக்கு 504 00, டீசலுக்கு 507 00 என்று எண்கள் பிறந்தன.

5டபிள்யூ-30 என்பதில் இவை எதுவும் இல்லை. குளிரில் எவ்வளவு இலகுவாக ஓடும், 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதோடு அதன் வேலை முடிந்தது. கம்பெனியின் எண் வாங்க ஆயில் பரீட்சை எழுத வேண்டும். சோதனைக்கூடத்தில் எஞ்சினை மணிக்கணக்கில் ஓட்டிப் பிரித்து, கேம் எவ்வளவு தேய்ந்தது, பிஸ்டனில் எவ்வளவு படிந்தது என்று அளந்த பிறகே ஒப்புதல் கடிதம் கிடைக்கும்.

கடையில் கேனைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். ‘அப்ரூவல்’ என்ற தலைப்பின் கீழே 504 00 இருந்தால், கம்பெனி சோதித்து ஒப்புதல் தந்திருக்கிறது என்று பொருள். ‘இந்த எண் கேட்கும் வண்டிகளுக்கு ஏற்றது’ என்றிருந்தால், அது ஆயில்காரர் தானே கொடுக்கிற வாக்கு. ஆயில் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் வாரன்டி தகராறு என்று வந்தால் முதல் வகைதான் கைகொடுக்கும்.

அந்தத் தகராறில் பிராண்டைவிட எண்ணும் பில்லும்தான் பேசும். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, குறிப்பிட்ட பிராண்டை வாங்கினால்தான் வாரன்டி என்று கம்பெனி பொதுவாக நிபந்தனை போட முடியாது. தரம் இன்னது என்று கேட்கலாம். அங்கே ஃபோக்ஸ்வேகனின் 1.8 டர்போ எஞ்சின்களில் ஆயில் களிபோல் கெட்டியாகும் பிரச்சினை வெடித்தபோது, 2004இல் கம்பெனி அதற்கான வாரன்டியை 8 ஆண்டுகளாக நீட்டியது. ஆனால் ஒழுங்காக ஆயில் மாற்றியதற்கு அத்தாட்சி கேட்டது. பில்லைத் தூக்கிப் போட்டவர்கள் திண்டாடினார்கள்.

இந்தியாவில் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாக வணிகம் பற்றிய அந்த உத்தரவில் இன்னொன்றும் இருந்தது: வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டும் வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது, அந்த வேலையால்தான் பழுது என்றால் மறுக்கலாம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. வழக்கு எப்படிப் போனாலும் வண்டிக்காரர் செய்ய வேண்டியது ஒன்றே: மேனுவலில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்கி, அந்த எண்ணும் கிலோமீட்டரும் தேதியும் பில்லில் வருமாறு எழுதி வாங்குவது.

நம் லிட்டர் எஞ்சினில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உழைத்துக் கறுத்து, டிரெய்ன் போல்ட் வழியாக இறங்குகிறது. பழைய ஆயிலைச் சென்ட்ரிங் பலகைக்குப் பூசி வீணாக்குகிறவர்கள் உண்டு. முறையான சுத்திகரிப்பு ஆலைக்குப் போனால் அது மறுபடி பேஸ் ஆயில் ஆகும். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ., அப்படிப்பட்ட ஆயிலுக்கும் தன் முத்திரையைத் தருகிறது. புதிய ஆயிலுக்கு என்ன சோதனையோ அதே சோதனைதான் இதற்கும்; தேறினால் முத்திரை, தேறாவிட்டால் இல்லை.