பாதி இணைப்புகளின் வரிசை: சின் வெள்ளத்தின் வரலாறு

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையான டார்பாவின் நிதியுதவியோடு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உருவாகி, 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்னும் யூனிக்ஸ் இயங்குதளம், வலையமைப்பின் வழியே தரவு பரிமாற வேண்டிய நிரல்களுக்குச் சாக்கெட் என்னும் இடைமுகத்தை வழங்கியது. சாக்கெட் என்பது நிரலுக்கும் வலையமைப்புக்கும் நடுவே இயங்குதளத்தின் கரு திறந்துவைக்கும் இணைப்புமுனை. கோப்பைப் படித்து எழுதும் எளிமையோடு தொலைவிலுள்ள கணினியோடு பேச அது வழிசெய்ததால், பின்னாளைய இயங்குதளங்கள் ஏறத்தாழ எல்லாமே அதை ஏதேனும் ஒரு வடிவில் ஏற்றுக்கொண்டன. அழைப்பவர் தம் முகவரியை உண்மையாகவே எழுதியிருப்பார் என்று அதனுள் உறைந்திருந்த நம்பிக்கையும் அவற்றோடு சேர்ந்தே பரவியது.

1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 793 என்னும் ஆவணம் வரையறுத்த டிசிபி நெறிமுறையின்படி, ஓர் இணைப்பு மூன்று செய்திகளால் நிறுவப்படுகிறது. அழைக்கும் கணினி சின் என்னும் தொடக்கச் செய்தியை அனுப்ப, சேவை தரும் கணினியாகிய வழங்கி தன் ஒப்புதலோடு ஒரு தொடக்க எண்ணையும் திருப்பி அனுப்புகிறது. அந்த எண் கிடைத்ததென அழைத்தவர் விடையளித்ததும் இணைப்பு முழுமை பெறுகிறது. அவ்விடை வரும்வரை, பாதி நிறுவப்பட்ட இணைப்பைப் பற்றிய குறிப்புகளை வழங்கி தன் நினைவகத்தில் ஒரு வரிசையில் வைத்துக் காத்திருக்க வேண்டும். பெர்க்லி மரபில் இந்தக் காத்திருப்பு 75 வினாடி. வரிசைக்கு நிரல் கேட்கக்கூடிய உச்சவரம்பு 5, கருவின் கணக்கீட்டு முறையால் நடைமுறையில் 8. ஆகவே பொய் முகவரி தாங்கிய எட்டே சின் செய்திகள் போதும்: வழங்கியின் ஒப்புதல்கள் ஆளில்லாத முகவரிகளுக்குச் சென்று மறைய, வரிசை நிரம்பி, உண்மையான பயனர்களுக்கு அச்சேவை ஒன்றேகால் நிமிடம் மூடப்படும். வேகமான இணைப்போ வலிமையான கணினியோ இல்லாதவரும் அதைத் தொடர்ந்து மூடிவைக்கலாம் என்பதே இக்குறைபாட்டின் கொடுமை. ஆய்வகங்களும் பல்கலைக்கழகங்களும் மட்டும் இணைந்திருந்த காலத்தில் இத்தகைய நம்பிக்கை இயல்பானதே. வணிக இணையம் விரிந்த பின்னும் பல இயங்குதளங்களில் அச்சிறு வரிசை நீடித்ததற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

குறைபாடு அறியப்படாமலும் இல்லை. பெல் ஆய்வகத்தின் வில்லியம் செஸ்விக்கும் ஸ்டீவன் பெல்லோவினும் தீயரண்களைப் பற்றி 1994-இல் வெளியிட்ட நூலுக்காக இதைக் குறித்து ஒரு பத்தி எழுதி, பின்னர் நீக்கிவிட்டனர். அந்தத் தயக்கம் பொறுப்புணர்வின் பாற்பட்டதாகவே தோன்றுகிறது. ஆயினும் மௌனத்தால் கிடைத்த இரண்டு ஆண்டுகளில் தடுப்பு எதுவும் உருவாகவில்லை. 1996-இல் ஃபிராக் என்னும் மின்னிதழ் தாக்கும் முறையை நிரலோடு விளக்கி வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் நியூயார்க்கின் பழைமையான இணையச் சேவை நிறுவனங்களுள் ஒன்றான பேனிக்ஸ் தாக்கப்பட்டு, அதன் அஞ்சல், வலைத்தள வழங்கிகள் புதிய இணைப்புகளை ஏற்க இயலாமல் முடங்கின. 19-ஆம் நாள் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட் இதைப் பற்றிய எச்சரிக்கையை வெளியிட்டது.

வரிசையை நீட்டுவதும் காத்திருப்பைச் சுருக்குவதும் உடனடித் தீர்வுகளாயின. ஆனால் பொய்ச் சின் செய்திகளின் வெள்ளம் பெருகினால் நீண்ட வரிசையும் நிரம்பும். அம்மாதமே கணிதவியலாளர் டேனியல் பெர்ன்ஸ்டீன் முன்வைத்த சின் குக்கி என்னும் முறை சிக்கலின் வேரைத் தொட்டது. வழங்கி அனுப்பும் தொடக்க எண் 32 பிட் நீளமுடையது. அதைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வழங்கிக்கே உண்டு. எனவே அதன் 5 பிட்டுகளில் 64 வினாடிக்கு ஒருமுறை கூடும் காலக் கணக்கையும், 3 பிட்டுகளில் செய்தித் துண்டின் உச்ச அளவையும், எஞ்சிய 24 பிட்டுகளில் இருபுற முகவரிகளையும் காலத்தையும் ஓர் இரகசியத்தோடு கலந்து பெற்ற மதிப்பையும் பொதித்து அனுப்பிவிட்டு, வழங்கி அந்த அழைப்பை அடியோடு மறந்துவிடலாம். உண்மையான முகவரியில் இருப்பவருக்கே அந்த எண் போய்ச்சேரும். அவர் அதைத் திருப்பி அனுப்பும்போது வழங்கி மீண்டும் கணக்கிட்டுச் சரிபார்த்து, அதன் பின்னரே நினைவகத்தை ஒதுக்கும். நெறிமுறையின் ஓர் எழுத்தையும் மாற்றாமல், நினைவில் வைக்கும் சுமையை அழைப்பவரிடமே ஒப்படைத்த இந்தச் சிந்தனை, இணையப் பாதுகாப்பு வரலாற்றின் மிக அழகிய தீர்வுகளுள் ஒன்று. அதற்கு விலையும் உண்டு: அழைப்பில் வந்த பிற விருப்பத்தேர்வுகளுக்கு அந்த எண்ணில் இடமில்லை, வழங்கியின் ஒப்புதல் வழியில் தொலைந்தால் அதை மறுபடி அனுப்பவும் வழியில்லை. எரிக் ஷெங்க் 1997 பிப்ரவரியில் இதை லினக்ஸுக்காக நிரலாக்கினார். ஃபிரீபிஎஸ்டியில் ஜோனத்தன் லெமன் குறிப்புகளைச் சுருக்கிச் சேமிக்கும் சின் கேஷ் என்னும் முறையை 2002-இல் விவரித்தார்.

பொய் முகவரியைப் புறப்படும் இடத்திலேயே தடுப்பது மற்றொரு வழி. ஒவ்வொரு வலையமைப்பும் தனக்குரியதல்லாத முகவரியோடு வெளியேறும் செய்திகளை வடிகட்ட வேண்டுமென்று பால் ஃபெர்குசனும் டேனியல் செனியும் 1998 ஜனவரியில் ஆர்எஃப்சி 2267 வழியாகவும், 2000 மே மாதத்தில் அதன் திருத்த வடிவமான ஆர்எஃப்சி 2827 வழியாகவும் பரிந்துரைத்தனர். ஆனால் வடிகட்டுவதன் செலவு ஒரு நிறுவனத்தையும், அதன் பயன் வேறெங்கோ உள்ள வழங்கியையும் சேர்வதால், அப்பரிந்துரை இன்றளவும் முழுமையாக நிறைவேறவில்லை. அதனாலேயே லினக்ஸ் கரு, வரிசை நிரம்பியதும் சின் குக்கிக்கு மாறும் ஏற்பாட்டை இயல்பமைப்பாகவே இன்றும் வைத்திருக்கிறது.