மார்கோனியின் 500 அடி கம்பி

ஹாம் ரேடியோ பக்கம் எட்டிப் பார்த்தவங்களுக்கு 143ங்கிற எண் பரிச்சயமா இருக்கும். அதிர்வெண்ணை மெகாஹெர்ட்ஸ்ல எடுத்துக்கிட்டு 143ஐ அதால வகுத்தா, அரை அலை ஆன்டெனாவுக்கு எத்தனை மீட்டர் கம்பி வேணும்னு வந்துடும். 7.1 மெகாஹெர்ட்ஸ்னா 20 மீட்டர் சொச்சம். ஒளியோட வேகத்தை வச்சுப் பார்த்தா 150 வரணும். ஆனா கம்பி முனைகள்ல ஏற்படுற விளைவால சுமார் 5 சதவீதம் குறைச்சுக்கணும். செங்குத்தா நிக்குற கால் அலைக் கம்பிக்கு இதுல பாதி போதும், மீதிப் பாதியை பூமி பார்த்துக்கும்.

ரொம்ப சுலபம்தான், முதல்ல அதிர்வெண் தெரிஞ்சா! அது தெரியாமலே சரித்திரத்துல இடம்பிடிச்ச ஒரு கம்பியைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

1901 டிசம்பர் 12. நியூஃபவுண்ட்லாந்துல செயின்ட் ஜான்ஸ் ஊரை ஒட்டின சிக்னல் ஹில் குன்று. மார்கோனியும் அவரோட உதவியாளர்கள் கெம்ப், பேஜெட் ரெண்டு பேரும் அங்க பட்டம் விட்டுக்கிட்டு இருந்தாங்க. நிஜமாத்தாங்க :-) பட்டத்தோட சேர்ந்து 500 அடி, அதாவது 152 மீட்டர் கம்பியும் மேல போச்சு. அந்தப் பக்கம் சுமார் 3,400 கி.மீ. தள்ளி, இங்கிலாந்தின் கார்ன்வால்ல இருந்த போல்டு நிலையம் மோர்ஸ்ல 'எஸ்' எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டிருந்தது. மூணு புள்ளி, அவ்வளவுதான்.

திட்டம் என்னவோ பிரமாண்டமாத்தான் இருந்தது. போல்டுவுல 61 மீட்டர் உயரத்துல 20 கம்பங்களை வட்டமா நட்டாங்க. செப்டம்பர் புயல்ல எல்லாம் சாஞ்சுது. அமெரிக்காவுல கேப் காட்ல நட்டதும் நவம்பர்ல விழுந்துடுச்சு. போல்டுவுல அவசரமா ரெண்டே கம்பம் நட்டு, நடுவுல ஐம்பதுக்கும் மேற்பட்ட கம்பிகளை விசிறி மாதிரி தொங்க விட்டாங்க. மார்கோனி பட்டம், பலூன் எல்லாம் எடுத்துக்கிட்டுக் கப்பலேறிட்டார். பலூன் ஒண்ணு அறுத்துக்கிட்டுப் போச்சு, பட்டமும் போச்சு. மிஞ்சின பட்டத்துலதான் அந்தக் கம்பி.

சரி, ஏன் 500 அடி? மார்கோனி தன் அனுபவத்துல கண்ட விதி, ஏரியலோட உயரத்தின் வர்க்கத்துக்கு ஏத்தபடி தூரம் கூடும்ங்கிறது. உயரம் இரட்டிச்சா தூரம் நாலு மடங்கு. அதனால எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம் ஏத்தினாங்க. அலைநீளத்தோட பொருத்திப் பார்க்க வழியும் இல்லை. போல்டுவோட டிரான்ஸ்மிட்டரை வடிவமைச்ச ஃபிளமிங், அலைநீளம் அளக்க சைமோமீட்டர்னு ஒரு கருவி செஞ்சதே சில வருஷம் கழிச்சுத்தான்.

போல்டுவோட அலைநீளமா பொதுவா சொல்லப்படுறது 366 மீட்டர், அதாவது 820 கிலோஹெர்ட்ஸ். அது நிஜம்னா கால் அலைக்கு 91 மீட்டர் போதும், மார்கோனியோட கம்பி ரொம்ப நீளம். பின்னாடி ஆராய்ஞ்சவங்கள்ல சிலர் 500 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கம்னு சொல்றாங்க. அப்போ அலைநீளம் 600 மீட்டர், கால் அலை 150 மீட்டர். அடடா, கம்பி கிட்டத்தட்ட கச்சிதம்! ஒரே கம்பி, எந்த எண்ணை நம்புறோமோ அதைப் பொறுத்துத் தப்பாவும் சரியாவும் மாறுது.

இதுலயும் ஒரு சிக்கல். பட்டம் காத்துல ஏறி இறங்கும்போது கம்பிக்கும் தரைக்குமான மின்தேக்கம் மாறிக்கிட்டே இருக்கும். 1900ல 7777ங்கிற எண்ணோட டியூனிங்குக்குப் பேடன்ட் வாங்கினவர் மார்கோனி. அவரே அன்னைக்கு டியூன் பண்ற ரிசீவரை ஒதுக்கி வச்சுட்டு, பாதரச கோஹியரரையும் ஒரு டெலிபோன் ரிசீவரையும் வச்சுக் காதால கேட்டார். (அந்த மாதிரி பாதரச அமைப்பை 1899லயே ராயல் சொசைட்டி கட்டுரையில விவரிச்சவர் நம்ம ஜகதீஷ் சந்திர போஸ். அது தனிச் சண்டை, இன்னொரு பதிவுக்கு வச்சுக்கலாம்.)

மதியம் 12.30க்கு மூணு புள்ளி கேட்டதா மார்கோனி சொன்னார், கெம்ப்பும் ஆமான்னார். வேற சாட்சியோ அச்சான காகித நாடாவோ கிடையாது. வெறும் கரகரப்பு இடிமின்னல் சத்தம்கூட மூணு புள்ளியா காதுக்குத் தோணலாமேன்னு சந்தேகப்பட்டவங்க அப்பவே இருந்தாங்க. அந்த வாதம் இன்னும் முடியலை.

என்னைக் கேட்டா, மார்கோனி பொய் சொன்னார்னு நினைக்கலை. எதிர்பார்த்துக் காத்திருக்கிற காது எதையும் கேட்கும். சந்தேகம் வர்றதுக்கு முக்கியக் காரணத்தை மார்கோனியே கொடுத்தார். 1902 பிப்ரவரியில 'ஃபிலடெல்ஃபியா' கப்பல்ல, அசையாத கம்பம், டியூன் பண்ண ரிசீவர், காகித நாடா எல்லாம் சகிதமா கிளம்பினார். ராத்திரியில 2,099 மைல் வரைக்கும் புள்ளிகள் நாடாவுல பதிவாச்சு. பகல்ல சுமார் 700 மைலோட சரி. சிக்னல் ஹில்ல கேட்டதா சொன்னது பட்டப்பகல்ல, அதுவும் 2,100 மைல் தூரத்துல.