உட்பிரிவு எண்ணின் கதை

பட்டாவில் 45/2ஏ1 என்று ஒரு எண் இருக்கும். பலருக்கும் அது வெறும் எண்தான். ஆனால் அதற்குள் ஒரு குடும்பத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது. 45 என்பது முன்னோர் காலத்து முழு வயல். அதன்பின் வரும் ஒவ்வொரு எண்ணும் எழுத்தும் பெரும்பாலும் ஒரு பாகப்பிரிவினை அல்லது ஒரு விற்பனை.

இந்த முறை எப்படி வந்தது? 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் பகுதி (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்) கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீட், தாமஸ் மன்றோ ஆகியோர் அங்கே ஜமீன்தார் இல்லாமல் விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையை வளர்த்தெடுத்தனர். ஆளுக்கு ஆள் வரி என்றால், யாரிடம் எவ்வளவு நிலம் என்று தெரிய வேண்டுமல்லவா?

அதற்காகவே 1858-ல் சென்னை மாகாணத்தில் முறையான நில அளவை தொடங்கியது. 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட சங்கிலியால் வயல்களை அளந்தார்கள். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதில் நூற்றில் ஒரு பங்கு சென்ட். ஒவ்வொரு புலத்துக்கும் ஓர் எண்ணும் வரைபடமும் கிடைத்தன.

நிலம் பிரியும்போது சர்வேயர் வந்து அளந்து, புலப்படத்தில் புதுக் கோடு போட்டு, தீர்வையையும் பிரிப்பார். 45/2 இப்படித்தான் 45/2ஏ, 45/2பி ஆகிறது. சேர்ப்பது அவ்வளவு சுலபமல்ல. பக்கத்து நிலத்தை ஒருவரே வாங்கினாலும் எண்கள் தானாக ஒன்றாகிவிடாது. ஒரே பட்டாவில் இரண்டு எண்களாகவே நிற்கும்.

சிக்கல் எங்கே வருகிறது? அண்ணன் தம்பிகள் பத்திரத்தில் பிரித்துக்கொண்டு, வரப்பும் போட்டுவிடுகிறார்கள். ஆனால் உட்பிரிவு செய்யாமல் கூட்டுப் பட்டாவிலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் இருக்கும்வரை சண்டை இல்லை. பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒருவர் விற்கப் போகும்போதுதான் எந்தப் பக்கம் யாருடையது என்ற வழக்கு பிறக்கிறது. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் ஆவணங்களைப் புதுப்பித்தது. அப்போது விழுந்த பிழைகளைத் திருத்தக் கோரி இன்றும் மனு கொடுப்பவர்கள் உண்டு.

வரி வசூலுக்காக வெள்ளையர் போட்ட கோடு, இன்று உரிமைக்குச் சாட்சியாக நிற்கிறது. வரப்பு அழியலாம், கல் பெயர்க்கப்படலாம். புலப்படத்தில் உள்ள கோடு இருந்தால் மீண்டும் அளந்து கல் நடலாம். எனவே பாகம் பிரித்தவர்கள் உட்பிரிவையும் கையோடு முடித்துவிடுவதே பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை.