பொன்முடி ஏறும் வண்டிகள்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. 22 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, ஏறத்தாழ 1100 மீட்டர் உயரத்திலுள்ள பொன்முடியை அடைகிறோம். மோட்டார் வண்டியின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருங்கே காட்ட இதைவிடத் தக்க உரைகல் வேண்டுவதில்லை.

மின்சார வண்டி நேற்றுப் பிறந்தது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். 1900-ஆம் ஆண்டின் பாரீஸ் பொருட்காட்சியிலேயே, சக்கரத்தின் குடத்துக்குள் மோட்டாரை அமைத்த வண்டியொன்று வைக்கப்பட்டது. அதனை வகுத்தவர் பெர்டினாண்ட் போர்ஷே. ஈய மின்கலங்களின் பாரமே அவ்வகை வண்டிகளுக்குப் பகையாயிற்று. வெற்றி பெட்ரோலுக்குக் கிட்டியது. இரண்டாம் உலகப் போரில் வந்த 60 குதிரைத்திறன் கொண்ட வில்லிஸ் ஜீப், போருக்குப் பின் மகிந்திரா நிறுவனத்தின் வாயிலாக நம் நாட்டு மலைப்பாதைகளுக்கும் பழக்கமாயிற்று. வழியில்லா வழியில் செல்லும் அந்த ஆற்றலோடு அசுர வேகத்தையும் சேர்த்து, 2009-இல் போர்டு நிறுவனம் ராப்டர் என்னும் பிக்கப் வண்டியை அமெரிக்காவில் வெளியிட்டது. 2021-இல் அங்கேயே ரிவியன் நிறுவனம், சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார்கள் பூட்டிய மின்சாரப் பிக்கப்பைக் கொணர்ந்தது.

இவ்விரண்டையும் கற்பனையில் கல்லாற்றங்கரையில் நிறுத்திப் பார்ப்போம். பெட்ரோல் எஞ்சின் போதிய வேகத்தில் சுழன்றாலன்றி முழு இழுவிசை தராது. ஆகவே ஒவ்வொரு வளைவிலும் கியர் தாழ்கிறது, எஞ்சின் உறுமுகிறது. மின் மோட்டாரோ நின்ற நிலையிலேயே தன் முழு விசையையும் தந்துவிடும். இறக்கத்தில்தான் வேற்றுமை பெரிது. மூன்று டன் எடையை 1000 மீட்டர் உயர்த்த 8 யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மிகுந்த ஆற்றல் வேண்டும். இறங்கும்போது பெட்ரோல் வண்டி அவ்வாற்றல் முழுவதையும் பிரேக்கிலும் எஞ்சினிலும் வெப்பமாக்கி இழக்கிறது. மின் வண்டியின் மோட்டாரோ டைனமோவாக மாறி, அதில் பெரும்பகுதியை மின்கலத்துக்கு மீட்டளிக்கிறது. ஆயினும் உச்சியிலேயே மின்கலத்தை முழுதும் நிரப்பிக்கொண்டு இறங்குவோர்க்கு இந்த ஆதாயம் இல்லை. நிறைந்த குடத்தில் நீர் ஏது!

பழைய பகையாகிய பாரம் இன்னும் நீங்கவில்லை. வில்லிஸ் ஜீப் ஒரு டன்னுக்குச் சற்று மேல்; ராப்டர் இரண்டரை டன்னைத் தாண்டும்; ரிவியனோ மூன்று டன்னுக்கும் மேல். மழைக்காலத்தில் மண் சரியும் மலைச்சாலைக்கு இத்தகைய பாரம் ஏற்றதன்று. இவ்விரு அரக்கர்களையும் விட, 2022-இல் டாட்டா நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏஸ் மின்சாரச் சிறுலாரி போன்றவையே நம் மலையூர்களின் சுமைக்குப் பொருந்துவன என்பது நம் கருத்து.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்கவேண்டும் அன்றோ? இடுக்கி மாவட்டத்தில் பன்னியாற்றின் குறுக்கே 1963-இல் எழுந்த அணையின் பெயரும் பொன்முடியே, பெயரால் மயங்கவேண்டா. அவ்வணை நீர் மின்சாரம் தருகிறது. ஆனால் கேரளத்தின் தேவையில் பெரும்பகுதி வெளி மாநிலங்களிலிருந்தே வாங்கப்படுகிறது. அதில் நிலக்கரியின் பங்கும் உண்டு.