மாட்டு வண்டியில் வந்த நூலகம்

உறையூரில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டும்போது, அதோடு நூலக வரி என்று ஒரு சிறு தொகையும் சேர்த்தே கட்டுகிறார்கள். கைத்தறி நெய்பவர் வீடானாலும் சரி, மாடி வீட்டுக்காரரானாலும் சரி. நூலகத்தின் வாசற்படியை மிதிக்காதவரும் கட்டுகிறார். ஆனால் அப்படி ஒரு வரி இருப்பதே பலருக்குத் தெரியாது! இந்த வரிக்குப் பின்னால் ஒரு கணக்கு வாத்தியாரும் ஒரு மாட்டு வண்டியும் இருக்கிறார்கள்.

வாத்தியார் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகச் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களிலேயே சலித்துப் போனது. வருவோர் போவோர் இல்லை, பேச ஆள் இல்லை. பழைய வேலையையே திருப்பித் தாருங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றார். லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பு படித்து வாருங்கள், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். அப்படி மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் நமக்கு இன்னொரு நல்ல கணக்கு வாத்தியார் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் அவர் பார்த்தது வேறு உலகம். தொழிலாளிகள், குழந்தைகள், வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஊர் நூலகத்துக்கு உரிமையோடு வந்து போனார்கள். 1925-இல் திரும்பி வந்ததும், வாசகர்கள் தாமே அலமாரிக்குப் போய்ப் புத்தகம் எடுக்கலாம் என்று ஆக்கினார். எதைப் படிப்பது என்று தெரியாமல் நிற்பவருக்கு எடுத்துச் சொல்லவே தனியாக ஆட்களை வைத்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. 1931-இல் அவருடைய ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ வெளிவந்தது. அந்த ஐந்தில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற புத்தகம் உண்டு என்கிறது. மூன்றாவது அதையே திருப்பிப் போட்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் இருக்கிறார் என்கிறது. கேட்க எளிமைதான். ஆனால் இந்த இருவரையும் சந்திக்க வைக்க நடுவில் ஒரு மனிதர் வேண்டும். நூலகர் என்பவர் புத்தகத்துக்குக் காவல்காரர் அல்ல என்பது அன்றைக்குப் பெரிய மாற்றம். எழுத்தறியாதவர்களை என்ன செய்வது? அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றார் ரங்கநாதன்.

அதே 1931-இல் அக்டோபர் 21 அன்று மன்னார்குடியில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. வண்டி நிறையப் புத்தகங்கள். மேலவாசலைச் சேர்ந்த எஸ்.வி. கனகசபைப் பிள்ளை அதை வடிவமைத்துக் கொடுத்தார். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய், புத்தகத்தை இரவல் கொடுத்து, மறுமுறை வரும்போது வாங்கிக்கொள்வது ஏற்பாடு. நெல் ஏற்றும் ஊரில் புத்தகம் ஏற்றிய வண்டி! கிராமத்தான் எங்கே படிக்கப் போகிறான் என்று பேசியவர்களுக்கு, கிராமத்தின் வாசலிலேயே வண்டியை நிறுத்திக் காட்டினார்கள்.

ஆனால் நன்கொடையை நம்பி ஒரு வண்டி ஓடலாம், ஒரு மாகாணம் முழுக்க ஓட்ட முடியாது. ரங்கநாதன் 1930-லேயே காசியில் நடந்த கல்வி மாநாட்டில் ஒரு மாதிரி நூலகச் சட்டத்தை முன்வைத்திருந்தார். 1933-இல் பஷீர் அகமது சயீத் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. பிறகு தி.சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் விடிவு பிறந்தது. 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. (கோல்ஹாப்பூர் சமஸ்தானம் 1945-லேயே ஒன்று கொண்டுவந்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) சொத்து வரி ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆறு பை, அதாவது அரை அணா, நூலகத்துக்கு என்று சட்டம் சொன்னது. அது படிப்படியாக உயர்ந்து ரூபாய்க்குப் பத்து பைசா ஆனது.

இந்த வரிதான் மாவட்டந்தோறும் உள்ள நூலக ஆணைக்குழுக்களின் முதுகெலும்பு. திருச்சியில் மாவட்ட மைய நூலகமும் அதன் கிளைகளும் இதில்தான் பெரிதும் நிற்கின்றன. நவம்பர் 14 முதல் ஒரு வாரம் நூலக வார விழா, வாசகர் வட்டக் கூட்டங்கள், பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி என்று வருடம் நகர்கிறது. மற்ற நாட்களில் மேசைகளை நிறைப்பவர்கள் பெரும்பாலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். கதைப் புத்தக அலமாரிப் பக்கம் கூட்டம் குறைவு என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் அநாவசியம். வீட்டில் உட்கார்ந்து படிக்க ஒரு மூலை இல்லாதவருக்கு அந்த மேசையே பெரிய புத்தகம்.

வருத்தப்பட வேண்டிய இடம் வேறு. ஒன்று, உள்ளாட்சிகள் வசூலித்த நூலக வரி முழுதும் நூலகத்துக்குப் போய்ச் சேருவதில்லை என்ற புகார் பல ஆண்டுகளாகக் கேட்கிறது. இன்னொன்று, எந்தப் புத்தகம் வாங்குவது என்பது பல காலம் சென்னையில் தீர்மானமானது. ஆயிரக்கணக்கான நூலகங்களுக்கு மொத்தமாக ஒரே பட்டியல். நூலக ஆணையை நம்பியே அச்சடித்த பதிப்பாளர்கள் எத்தனையோ பேர். மூன்றாவது விதியைக் கொஞ்சம் மாற்றி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு ஆணை என்று படித்துக்கொண்டார்கள் போலும்! நெசவாளர் தெருவில் உள்ளவர் சாயம் பற்றியோ தறி பற்றியோ ஒரு புத்தகம் கேட்டால், அந்தப் பட்டியலில் அதற்கு இடம் இருக்குமா என்பது அவர் கையில் இல்லை. வரி மட்டும் அவர் வீட்டுக் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது.